யார் வீட்டு ரத்தம்

என் ஓரகத்தியை மெத்தைப் பட்டறையில் எல்லோரும் முடிச்சுக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். மெத்தைக்கு நடுவில் பஞ்சு நகராமல் இருக்க நீள ஊசியால் மேலிருந்து கீழே குத்தி, நூலை இழுத்து முடிச்சுப் போட வேண்டும். அவள் போட்ட முடிச்சு அவிழ்ந்து ஒரு மெத்தை திரும்பி வந்ததில்லை. அந்தப் பெயரை வைத்தது மாமியார். பாராட்டி வைக்கவில்லை. கல்யாணமான இரண்டாம் மாதமே, "வாயைத் தொறந்தா முடிச்சுப் போட்டுப் பேசுறா, முடிச்சுக்காரி" என்று பட்டறை முழுக்கக் கேட்கச் சொன்னார். பெயர் ஒட்டிக்கொண்டது.

நான் அந்த வீட்டின் இளைய மருமகள். மூத்தவளை அக்கா என்பேன். நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். உறை தைப்பது என் வேலை. தையல் மிஷின் ஜன்னலோரம் இருந்ததால் எல்லோரையும் பார்ப்பேன். என்னை யாரும் அவ்வளவாகப் பார்க்க மாட்டார்கள்.

பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. நடுவில் ஒரு கதவு. அது மூடியிருந்தாலும் பஞ்சு வரும். தண்ணீர்க் குடத்தின் மேல் வரும், குழந்தைகளின் புருவத்தில் வரும். அங்கே இருமாதவர் கிடையாது. புதிதாக வேலைக்கு வருகிறவன் இருமினால், "பரவாயில்ல, பட்டறை உன்னைச் சேர்த்துக்கிச்சு" என்று சிரிப்பார்கள். பஞ்சு இருமல் என்று அதற்குப் பெயர். அதற்காக யாரும் டாக்டரிடம் போனதில்லை.

அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்து ஐந்தாவது வாரம். ஒரு காலை பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தை நிறுத்தியது. அழவில்லை, சரியாக இருமக்கூட இல்லை. உதடு நீலமாகிவிட்டது. அக்கா அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு செருப்பில்லாமல் ஓடினாள். அவள் புருஷன், எங்கள் வீட்டு மூத்தவர், பின்னாலேயே ஓடினார். ஆஸ்பத்திரியில், கக்குவான் இருமல் என்றார்கள்.

மாமியாருக்கு அந்தப் பெயர் ஒன்றே போதுமானதாக இருந்தது. அக்காவின் தம்பி சின்ன வயதில் கக்குவானில் கிடந்து பிழைத்தவன். பெண் பார்க்கப் போனபோது அக்காவின் அம்மாவே வாய்தவறிச் சொன்ன சேதி அது.

"அப்பவே நினைச்சேன். இது அவங்க வீட்டு ரத்தம். நம்ம வம்சத்துல எவனுக்காவது கக்குவான் வந்திருக்கா? பஞ்சுக்குள்ளயே பொறந்து பஞ்சுக்குள்ளயே வளர்ந்த நெஞ்சு நமக்கு. சின்னவ பொண்ணைப் பாரு, இதே வீட்ல கல்லு மாதிரி நிக்குது!"

சின்னவ பொண்ணு என்றால் என் மகள். மூன்று வயது. அவளுக்கு எல்லாத் தடுப்பூசியும் போட்டாகிவிட்டது. அக்காவின் குழந்தைக்கு முதல் ஊசி போடும் வயதே இன்னும் வரவில்லை. இது எனக்குத் தெரியும். ஆனாலும் மாமியார் சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டேன். பொய் சொல்வானேன், அந்த வார்த்தை எனக்கு இனித்தது.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். அதற்கு முந்தைய ஒரு மாதமாக மாமியாரின் இருமல் வேறு மாதிரி இருந்தது. துணி துவைக்கும் கல்லருகே ஒருநாள் பார்த்தேன். இருமி இருமி முகம் வீங்கி, கடைசியில் சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்துவிட்டது. என்னைப் பார்த்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு, "என்னடி முறைக்கிற? பஞ்சு" என்றார். உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கி முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சினார். நான் மிஷினுக்குத் திரும்பிவிட்டேன்.

குழந்தை வார்டில் கிடந்த நாட்களில் மாமியார் தினமும் போனார். பார்ப்பதற்கு என்று சொல்லிக்கொண்டு போவார். போனது அக்காவைக் குத்துவதற்கு. ஒருநாள் மூத்தவரை நடைபாதையில் நிறுத்தி வைத்துச் சொன்னார்: "பிழைச்சா பிள்ளையோட அவ அப்பன் வீட்டுக்கு அனுப்பிடு. சீக்கு ரத்தத்தை என் வீட்ல வெச்சுக்க முடியாது." மூத்தவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். அவர் எதற்கும் அப்படித்தான் நிற்பார். அக்கா கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

அந்த வாரம்தான் வார்டு டாக்டரம்மா எங்கள் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினார்.

"ஒரே கிருமி ஒரு வீட்ல நாலு பேருக்குப் போகுது. ஒருத்தருக்கு வெறும் இருமல், இன்னொருத்தருக்கு மூச்சே நின்னுடுது. வயசும் தடுப்பூசியும்தான் பெரிய காரணம். அதுக்கு மேல, கிருமியை எதிர்க்கிற விதத்துல பிறவியிலேயே சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கலாம். மரபணுல அதைத் தேடுறோம். விருப்பம் இருந்தா குடும்பமா ரத்தம் குடுங்க."

மாமியாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நானும் அதைத்தானே சொல்றேன்! இவ ரத்தத்தை எடுங்க, தெரிஞ்சுடும்."

"பாட்டிம்மா, மரபணு பாதி அம்மாகிட்டருந்து வரும், பாதி அப்பாகிட்டருந்து."

"அப்பா பக்கத்துப் பாதி நல்ல பாதி டாக்டர்."

நர்ஸ் திரும்பிக்கொண்டு சிரித்தாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "வீட்ல யாருக்காவது பல வாரமா இருமல் இருக்கா? இருமி வாந்தி எடுக்கற மாதிரி? குழந்தைக்கு எங்கேருந்தோ வந்திருக்கணும்."

"எங்களுக்கு எல்லாம் பஞ்சு இருமல்தான்" என்றார் மாமியார்.

நான் என் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா பேசினாள். "ரத்தம் குடுக்கறோம். ஆனா எல்லாரும் குடுக்கணும். அத்தையும். சமீபத்துல கக்குவான் வந்துச்சான்னும் அதுலயே பாருங்க." பிறகு மாமியார் பக்கம் திரும்பினாள். "என் வீட்டு ரத்தம்தான் குழந்தையைப் படுக்க வெச்சதுன்னா நானே கிளம்பிடுறேன். நீங்க சொல்ல வேணாம்."

"இது பேச்சு!"

"உங்ககிட்டருந்து வந்ததுன்னா, குழந்தைக்கு மூணு ஊசியும் போட்டு முடியற வரைக்கும் நீங்க அதைத் தொடக்கூடாது."

"தொடலடி! எடு டாக்டர்!" மாமியார் வளையலை மேலே தள்ளிக் கையை நீட்டினார். அவ்வளவு பெருமையாக ரத்தம் கொடுத்தவரை நான் பார்த்ததில்லை. கிருமி பரவாமல் இருக்க எல்லோருக்கும் மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள்.

நான்கு நாளில் டாக்டரம்மா கூப்பிட்டார். மரபணு பற்றிய முடிவு எங்களுக்கு வராது, ஆயிரக்கணக்கான பேரைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது தெரியும், அப்போதும் இன்னார் குற்றம் என்று அது சொல்லாது என்றார். ஆனால் இன்னொரு சோதனை முடிவு வந்திருந்தது. மாமியாரின் ரத்தத்தில் சமீபத்தில் கக்குவான் வந்துபோன அடையாளம் நிறையவே இருந்தது. அக்காவுக்கு அப்படி எதுவும் இல்லை.

"நாப்பது வருஷப் பஞ்சு அது! உங்க மிஷினுக்குப் பஞ்சைத் தெரியுமா?" என்று மாமியார் கத்தினார். வார்டே திரும்பிப் பார்த்தது.

குழந்தை பத்தொன்பது நாள் கழித்து, முதல் ஊசியோடு, எலும்பும் தோலுமாக வீட்டுக்கு வந்தது. அக்கா கீழே தங்கவில்லை. துணிச்சுருள் அடுக்கும் மாடி அறையைத் துடைத்துக் கதவிடுக்கில் ஈரத்துணி சொருகிக்கொண்டாள். மாமியார் மூத்தவரிடம், "தொட்டிலைக் கீழே கொண்டாந்து போடு. இது என் வீடு" என்றார். மூத்தவர் பொத்தானைத் திருகவில்லை. தொட்டிலைக் கழற்றி மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் மாமியார் படியேறிப் போனார். நான் கீழ்ப்படியில் துணிக்கட்டோடு நின்றேன்.

"டாக்டரே சொல்லிட்டாங்க, மாத்திரை முடிஞ்சாச்சு, இனிமே என்கிட்டருந்து ஒட்டாதுன்னு. கதவைத் தொற."

"கிருமி போயிடுச்சு அத்தை. நாம பேசின பேச்சு போகலையே. இன்னும் எட்டு வாரம். போயிட்டு வாங்க."

"நீ நல்லா இருப்பியா?"

"இருப்பேன்."

எட்டு வாரமும் மாமியார் அக்காவோடு பேசவில்லை. அவள் முடிச்சுப் போட்ட மெத்தைகளை எடுத்து ஓரமாக வீசினார். தட்டை ணங்கென்று வைத்தார். அக்கா குழந்தை தூங்கும் நேரம் மட்டும் வந்து முடிச்சுப் போட்டுவிட்டு, முகம் கைகால் கழுவி, சேலை மாற்றிக்கொண்டு மேலே போய்விடுவாள். அப்பன் வீட்டுக்குப் போகும் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

மூன்றாவது ஊசி போட்ட அன்று அக்கா நேராகக் கூடத்துக்கு வந்தாள். மாமியாரின் மடியில் குழந்தையை வைத்தாள். தேறியிருந்தது, கன்னம் வந்திருந்தது. மாமியார் அதன் முகத்தை விரலால் தடவினார். பிறகு தலை நிமிராமல் சொன்னார்:

"மூக்கு எங்க வீட்டு மூக்கு."

"மூக்கோட நிறுத்திக்கோங்க" என்று சொல்லிவிட்டு அக்கா பட்டறைக்குப் போனாள்.