கமலினி மாமி தேர்ந்தெடுத்த ஏரி

கமலினி மாமி மாண்ட்ரியலை விட்டுப் போனது 1974 ஆகஸ்ட் மூன்றாம் தேதி, சனிக்கிழமை. அன்று ஆடிப்பெருக்கு. அவளை வழியனுப்ப ஸ்டேஷனுக்கு வந்திருக்கக்கூடிய அத்தனை பேரும் நகரத்துக்கு வடக்கே ஓர் ஏரிக்கரையில் கூடாரம் போட்டு, புளியோதரையும் தேங்காய் சாதமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அந்த ஏரியைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தவள் அவள்தான்.

திங்கட்கிழமை அம்மா அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது. அப்பா கோட்-டெ-நெய்ஜில் அவள் குடியிருந்த கட்டடத்துக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தார். சனிக்கிழமை மத்தியானம் டாக்சி வந்தது, இரண்டு பெட்டிகள், மேற்கே போகிற ரயில், அவ்வளவுதான் தெரியும் என்று அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர் சொன்னாராம்.

"ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டாளே" என்றாள் அம்மா.

அப்பா ஷூவைக்கூடக் கழற்றவில்லை. "சொல்றதுக்கு நாம எங்க இருந்தோம், வசு?" என்றார்.

கமலினி மாமி இங்கே வந்தது 1967 கோடையில். நகரம் முழுவதும் உலகக் கண்காட்சியைப் பார்க்க வரிசையில் நின்ற வருஷம். அவள் கணவர் பொறியியல் படிக்க முன்பே வந்து, ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டு அவளை அழைத்து வந்தார். மூன்று வருஷம் கழித்து டொராண்டோவில் வேலை என்று போனார். முதலில் வார இறுதிகளில் வந்தார், பிறகு மாதம் ஒருமுறை, பிறகு வரவே இல்லை. அங்கே அவருக்கு இன்னொரு குடித்தனம் இருப்பது அவளுக்குத் தெரிவதற்கு முன்பே எங்கள் நாலு குடும்பங்களுக்கும் தெரிந்திருந்தது.

நாலு குடும்பங்கள் என்று சொன்னது எங்கள் சின்ன வட்டத்தை. டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் நாங்கள். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ விவசாயக் கல்லூரியில் மண் ஆராய்ச்சி செய்துவந்த சுந்தரராஜன் மாமா, அவர் மனைவி ரமா மாமி. ஒரு டாக்டர் குடும்பம், லஷீனில் ஓர் இன்ஜினியர் குடும்பம். யாரும் கமலினி மாமியை ஒதுக்கவில்லை. அப்படி ஒதுக்கியிருந்தால் அவளுக்கும் சுலபமாக இருந்திருக்கும். கழுத்தில் தாலி இருந்தது, கணவர் உயிரோடு இருந்தார், வீட்டில்தான் இல்லை. இப்படி ஒருத்தியை எந்தக் கணக்கில் வைப்பது என்று எங்கள் அம்மாக்களுக்குத் தெரியவில்லை. நவராத்திரிக்குக் கூப்பிட்டார்கள். ஆனால் வெற்றிலை பாக்குத் தட்டை அவளிடம் நீட்டும்போது கை ஒரு கணம் நிற்கும். அந்த ஒரு கணத்தை அவள் பார்த்துவிடுவாள். வளைகாப்புக்குக் கூப்பிடவில்லை. மறுநாள் பலகாரம் கொடுத்து அனுப்பினார்கள்.

அவள் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். வேலை செய்கிற இடத்திலேயே பிரெஞ்சும் கற்றுக்கொண்டாள். பழைய ஃபோக்ஸ்வாகன் ஒன்று வைத்திருந்தாள்.

1971 ஆடிப்பெருக்குக்கு முதல்முறையாக எல்லோரும் கேம்ப்பிங் போனோம். பெட்ரோல் பங்கில் வாங்கிய வரைபடத்தைப் பார்த்து அப்பாக்கள் இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். சுந்தரராஜன் மாமா காருக்குப் பின்னால் இழுத்து வந்த, உள்ளேயே படுத்துத் தூங்கக்கூடிய டிரெய்லர் சேற்றில் புதைந்தது. பக்கத்து இடத்தில் முழுப் பன்றியைக் கம்பியில் கோத்துச் சுட்டார்கள். பெண்கள் நாலு துண்டுகளைத் திரை மாதிரிப் பிடித்துக்கொண்டு பூஜை செய்தார்கள். திரும்பி வரும்போது கமலினி மாமி, "அடுத்த வருஷம் நான் முன்னாடியே போய்ப் பாத்துட்டு வரேன். நீங்க யாரும் வரைபடத்தைத் தொடாதீங்கோ" என்றாள்.

அதற்குப் பிறகு அது அவள் பொறுப்பாகிவிட்டது. மே, ஜூன் சனிக்கிழமைகளில், கறுப்பு ஈக்கள் கழுத்தைக் கடித்து வீங்க வைக்கிற பருவத்தில், ஏரி ஏரியாகப் போய்ப் பார்ப்பாள். டிரெய்லருக்கு மின்சாரமும் சமதரையும் வேண்டும், அதைத் திருப்ப அகலமான பாதை வேண்டும். பாதையைக் காலடி வைத்து அளப்பாள். கூடாரங்களுக்கு நிழல் வேண்டும். பெரும்பாலான இடங்களில் டிரெய்லர்களைச் சாலையோரமும் கூடாரங்களைத் தண்ணீர்ப் பக்கமும் பிரித்து வைப்பார்கள். எங்களுக்கோ இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும், சமையல் ஒன்று என்பதால். கரை கிழக்கைப் பார்த்திருக்க வேண்டும். குழந்தைகளுக்கு ஆழம் இருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், ஆடிப்பெருக்குக்கு ஓடுகிற தண்ணீர் வேண்டும். ஏரி நிற்கிற தண்ணீர். ஆகவே ஓடை வந்து கலக்கும் ஏரியாக வேண்டும். பனி உருகும் காலத்தில் எந்த ஓடையும் ஓடும், ஆகஸ்டில் ஓடுமா என்பதுதான் கேள்வி. அதை அந்தந்த ஊர்க் கடைகளில் விசாரித்துத் தெரிந்துகொள்வாள்.

72-லும் 73-லும் அவள் பார்த்த இடங்கள் நன்றாக இருந்தன. தன் சின்னக் கூடாரத்தை எங்கள் கூடாரத்துக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்வாள். இருபது பேருக்கு அவள்தான் புளியோதரை கலப்பாள். அந்த இரண்டு நாட்களில் அவள் குரல்தான் உரக்கக் கேட்கும்.

"கமலி, உன் ஆமை காரை வச்சுண்டு எங்க டிரெய்லரை இழுத்துடுவியோ?" என்று ரமா மாமி சீண்டுவாள்.

"இழுத்துடுவேனே. நீங்க உள்ள ஏறாம இருந்தா போதும்."

ரமா மாமி குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். காலையில் பெண்கள் ஓடைக்கரையில் உட்கார்ந்து மஞ்சள் சரடு மாற்றிக்கொள்ளும் நேரத்தில் மட்டும் கமலினி மாமி அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். யாரும் அவளைப் போகச் சொன்னதில்லை. கூப்பிட்டதும் இல்லை.

1974 ஜூனில் இடம் பார்க்க என்னையும் அழைத்துப் போனாள். எனக்குப் பதினாறு வயது, வீட்டில் அடைந்து கிடக்க முடியாது, கார் எங்கே போனாலும் ஏறிக்கொள்வேன். இரண்டு இடங்கள் பார்த்துவிட்டு மூன்றாவதாக அந்த ஏரிக்குப் போனோம். ஓடை பாறைகளுக்கு நடுவே விழுந்து ஏரியில் கலந்தது. கிழக்கைப் பார்த்த கரை. டிரெய்லருக்கு மேடு, கூடாரங்களுக்குப் பைன் மர நிழல், இரண்டுக்கும் நடுவே குழாய். கமலினி மாமி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி நின்றாள்.

அந்த இடத்தை நடத்துகிறவள் மதாம் ஜெர்வே என்ற கண்டிப்பான கிழவி. குடும்பங்களுக்கு மட்டும்தான் இடம் என்று வாசலிலேயே பலகை வைத்திருந்தாள். முந்தைய வருஷம் மோட்டார் சைக்கிள் இளைஞர்கள் வந்து ரகளை செய்தார்களாம். தனியாக வருகிறவர்களுக்கு, ஆணோ பெண்ணோ, இடம் கிடையாது. ஒரு குடும்பத்துக்கு ஓர் இடம், கூட ஒரு விருந்தாளியைச் சேர்த்துக்கொள்ளலாம். படிவத்தில் கடைசி வரி அதற்குத்தான். கமலினி மாமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நாலு படிவங்களை வாங்கிக்கொண்டாள்.

காரில், "அப்போ நீங்க, மாமி?" என்று கேட்டேன்.

"நாலு பேர்ல யாராவது ஒருத்தர் என் பேரை எழுதினா ஆச்சு. ஒரு வரிதானே" என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "நீ ஆத்துல இதைப் பத்திப் பேச வேண்டாம். நானே சொல்லிக்கறேன்" என்றாள்.

மறுநாள் எங்கள் வீட்டில் எல்லோரும் கூடியபோது சொன்னாள். மரம், குழாய், ஓடை எல்லாம் விவரித்தாள். விதியையும் சொன்னாள். தன் பேரைச் சேர்க்கச் சொல்லி மட்டும் கேட்கவில்லை.

"விருந்தாளியா? நம்மளோட யாருடி விருந்தாளி வரப்போறா?" என்றாள் ரமா மாமி.

"ஒரு எடத்துக்கு ஒருத்தர். கட்டாயம் இல்லை, மாமி. காலியாவும் விடலாம்" என்றாள் கமலினி மாமி. படிவங்களை மேஜைமேல் வைத்துவிட்டு, காபி டம்ளர்களைக் கழுவ எழுந்து போனாள். வேண்டுமென்றே நேரம் எடுத்துக்கொண்டு கழுவினாள். திரும்பி வந்தபோது பேச்சு விம்பிள்டனுக்குப் போயிருந்தது.

அந்த வாரம் அம்மா படிவத்தை எழுதும்போது என்னைக் கூப்பிட்டாள். "மைத்ரேயி, உன் சிநேகிதி யாரோ வரணும்னு சொன்னியே?"

"டயேன்."

"அவ பேரை எழுதிடட்டுமா?"

"கமலி மாமி?"

"கமலியை ரமா எழுதிப்பா. டிரெய்லர்ல எடம் இருக்கு." அம்மா பேனாவைத் திருகிக்கொண்டே இருந்தாள். "அன்னிக்குக் காலம்பற சரடு மாத்தறோம். ஒரே கூடாரத்துல இருந்துண்டு…" முடிக்கவில்லை. "நீ சொல்லு, எழுதட்டுமா வேண்டாமா?"

"எழுது" என்றேன்.

ஜூன் இருபத்திரண்டாம் தேதி கமலினி மாமி நாலு வீடுகளிலும் படிவங்களை உறைகளில் வாங்கிக்கொண்டு வந்தாள். அன்றைக்கும் ஏரிக்கு நான் கூடப் போனேன். மதாம் ஜெர்வே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படிவத்தையும் பிரித்து, பெயர்களின் உச்சரிப்பு சரியா என்று எங்களிடம் கேட்டுக் கேட்டுப் படித்தாள். லஷீன்காரர்கள் ஊரிலிருந்து புதிதாக வந்த மச்சினர் பேரை எழுதியிருந்தார்கள். டாக்டர் வீட்டில் ஒரு மாணவன் பேர். எங்கள் படிவத்தில் டயேன். கடைசியாக ரமா மாமியுடையது. விருந்தாளி வரியில் ஒரு கோடு போட்டிருந்தது.

"நீங்கள்?" என்று கிழவி பிரெஞ்சில் கேட்டாள்.

"அன்றைக்கு எனக்கு வேலை இருக்கிறது."

கிழவி கண்ணாடியைக் கழற்றினாள். ரமா மாமியின் படிவத்தைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தி, பேனாவையும் வைத்தாள். "இங்கே இடம் இருக்கிறதே" என்றாள். அவள் குரலில் அப்போது கண்டிப்பு இல்லை.

"அது அவர்களுடைய படிவம்" என்றாள் கமலினி மாமி.

பேனா மேஜைமேல் கிடந்தது. எங்கள் படிவமும் அங்கேதான் இருந்தது. டயேன் பேரை நான் அடித்திருக்கலாம். எனக்குக் கை வரவில்லை. டயேனிடம் என்ன சொல்வது என்பதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும் வழியில் சாலையோரம் ஸ்ட்ராபெரி வாங்கி என் மடியில் வைத்தாள். "சுந்தரராஜன் மாமாகிட்ட சொல்லு, ரெண்டாவது வளைவுல டிரெய்லரை அகலமா எடுத்துத் திருப்பணும். மரம் இடிக்கும்" என்றாள். அதற்குப் பிறகு பேசியது எதுவும் எனக்கு நினைவில்லை.

ஆகஸ்டில் அந்த ஏரிக்கரையில் எல்லாமே அவள் சொன்னபடி இருந்தது. ஓடை வற்றவில்லை. டிரெய்லர் மரத்தில் இடிக்காமல் திரும்பியது. பெண்கள் காப்பரிசியும் கருகமணியும் வைத்து, யாரும் வேடிக்கை பார்க்காமல் நிதானமாகப் பூஜை செய்தார்கள். சாப்பாட்டு நேரத்தில்தான் ரமா மாமி கேட்டாள்.

"வசு, கமலி ஏன் வரலை?"

"வேலையாம். போன வாரம் ஃபோன்ல சொன்னா."

"ஆடிப்பெருக்கு அன்னிக்கு லீவு போடாம இருந்ததே இல்லையே. நீங்க பேரை எழுதியிருந்தேளோல்லியோ?"

"நானா? நீங்கதான் எழுதியிருப்பேள்னு…"

"அவ எப்பவும் உங்க கூடாரத்துக்குப் பக்கத்துலதானே போட்டுப்பா."

இரண்டு பேரும் டாக்டர் வீட்டு மாமியைப் பார்த்தார்கள். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "புளியோதரைல உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார் சுந்தரராஜன் மாமா. அந்த நேரத்தில் கமலினி மாமி ரயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்திருப்பாள்.

அடுத்த வருஷம் போய்ப் பார்த்து வர யாரும் முன்வரவில்லை. லஷீன் வீட்டுத் தோட்டத்தில், புல்லுக்குத் தண்ணீர் விடும் குழாயைத் திறந்துவிட்டு ஆடிப்பெருக்குக் கொண்டாடினார்கள். அதற்கும் அடுத்த வருஷம் அதுவும் இல்லை. அவள் பேரை யாரும் எடுப்பதில்லை. எடுத்தால் யாராவது எழுந்து உள்ளே போய்விடுவார்கள்.

நானும் 75-ல் கிளம்பிப் போனேன். ஐரோப்பா, துருக்கி, ஆப்கானிஸ்தான் வழியாக இந்தியா என்று மூன்று வருஷம். போன இடமெல்லாம் விடுதிப் பதிவேட்டில் தனியாகத்தான் பேர் எழுதினேன். 78 இலையுதிர் காலத்தில் திரும்பி வந்ததும், மேற்கே சஸ்கட்டூனில் ஒரு ஆஸ்பத்திரியில் அவள் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அம்மாவுக்குச் சொல்லாமல் ஒரு கடிதம் எழுதினேன். அம்மா என்னைக் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் அப்படியே எழுதினேன். குளிர்காலம் முழுவதும் பதில் இல்லை. 1979 மார்ச்சில் வந்தது. ஒரே பக்கம்.

"அன்புள்ள மைத்ரேயிக்கு, உன் கடிதத்துக்கு நாலு மாதமாகப் பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். நீ வருத்தப்பட வேண்டாம். பதினாறு வயதில் நானும் சிநேகிதி பேரைத்தான் எழுதியிருப்பேன். இங்கே வேலை அதேதான், குளிர் அங்கே இருந்ததை விட அதிகம். உன் அம்மா சௌக்கியமா என்று கேட்டதாகச் சொல்லு. வேண்டாம், சொல்லாதே. உனக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கட்டும். அன்று நாம் முதலில் பார்த்த இடத்திலும் வற்றாத ஓடை இருந்தது. தனியாக வருகிறவர்களை அங்கே சேர்த்துக்கொள்வார்கள், நான் கேட்டேன். அதையே சொல்லியிருந்தால் வழக்கம்போல என் கூடாரத்தைப் போட்டிருக்கலாம். மூன்றாவது இடத்தில் அந்தக் கடைசி வரியைப் பார்த்ததும், யாராவது என் பேரை எழுதுவார்களா என்று எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றிவிட்டது. அதனால் அந்த இடத்தைச் சொன்னேன். ஒரே ஒருத்தர் எழுதியிருந்தால்கூட நான் இங்கே வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்க மாட்டேன். தெரிந்துகொள்ளாமலே இருந்திருந்தால், இன்றைக்கும் உங்களுக்கெல்லாம் ஏரி பார்த்துக் கொடுத்துக்கொண்டிருப்பேன். எது நல்லது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. கமலினி."