வாசிக்காத சோலோ

ஒரே எதிரியிடம் ஒருவன் இரண்டு முறை தோற்கலாமா? நான் தோற்றேன்.

முதல் முறை தொண்ணூறுகளில், திருநெல்வேலியில் பாலிடெக்னிக் படித்தபோது. நகல் எடுத்த கேசட்டுகளில் ஹெவி மெட்டல் கேட்டு, இரவல் கிதாரில் விரல் தேய வாசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து கிரஞ்ச் என்கிற புது ராக் இசை வந்து சேர்ந்தது. கசங்கிய கட்டம்போட்ட சட்டை, சுதி இறக்கிய கிதார், பாதி முனகல், பாதி அலறல். மெட்டல் குழுக்கள் அரண்டுபோயின. நான் தலையில் தூக்கிவைத்து ஆடியவர்களே முடியை வெட்டிக்கொண்டார்கள், வேகத்தைக் குறைத்தார்கள், கிதார் மட்டும் தனியாகப் பாய்கிற சோலோவைத் தூக்கி எறிந்தார்கள். அப்படியும் கூட்டம் திரும்பி வரவில்லை. கிரஞ்ச் வேண்டும் என்கிறவன் கிரஞ்சுக்காரனிடமே போக மாட்டானா? அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

இரண்டாம் முறை இங்கே வளைகுடாவில், ருவைஸில், போன குளிர்காலத்தில்.

நான் சுத்திகரிப்பு ஆலையில் பைப்பிங் சூப்பர்வைசர். எங்களுக்கென்று ஒரு சின்ன மெட்டல் குழு உண்டு. அதன் பாடகன், என் நண்பன், தூத்துக்குடிக்காரன், அதே ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீசியன். டிரம்ஸுக்கு ஒரு மலையாளி. மெட்டல்காரன் என்றால் நீள முடியும் தாடியும் வேண்டும். விஷவாயு முகமூடி முகத்தோடு ஒட்ட வேண்டும் என்பதால் நாங்கள் தினமும் மழித்தாக வேண்டும். தலைமுடி யாரும் சொல்லாமலே போய்விட்டது.

டவுன்ஷிப் மைதானத்தில் நடக்கும் குளிர்கால விழாவில் ஒவ்வொரு வருடமும் எங்களுக்கு ஒரு பாட்டு உண்டு. போன முறை, வேலைக்குப் புதிதாக வந்த என்ஜினியர் பையன்கள் சிலர் கிரஞ்ச் குழு ஒன்றைத் தொடங்கினார்கள். மெட்டலுக்கும் கிரஞ்சுக்கும் நடந்த அந்தப் பழைய சண்டை முடிந்தபோது அவர்கள் பிறக்கவே இல்லை. முழங்கால் கிழிந்த ஜீன்ஸை விலை கொடுத்து வாங்கிப் போட்டிருந்தார்கள். எங்கள் கவரால் உடுப்பில் ஒரு நூல் பிரிந்தால்கூட சேஃப்டி ஆபீசர் கத்துவார். அவர்களுடைய ஒத்திகையைப் பார்க்கவே கூட்டம் கூடியது.

எங்கள் பாடகன் ஆடிப்போனான். டீ குடிக்கும்போது சொன்னான்.

"நாமளும் கொஞ்சம் ஸ்லோவா போவோம்ல. சுதிய எறக்கு. அந்த சோலோவ எடுத்துரு."

"சோலோவ எடுத்தா அப்புறம் நான் எதுக்குல?"

"ஒன் சோலோ வந்தாலே சனம் ஷவர்மா வாங்கப் போயிருது. நான் மேடை மேல நின்னு பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

அது உண்மை. அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது. நாள் முழுக்க யாரோ வரைந்த படத்தில் யாரோ சொன்ன குழாயைப் பொருத்துகிறவன் நான். யாரும் சொல்லாமல் நானாக ஒன்றைச் செய்கிற இடம் அந்த சோலோ மட்டும்தான். அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டேன்.

அதோடு ஷட்டவுன் வேறு வந்தது. ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கும் காலம். டியூட்டி முடிந்து ரூமுக்கு வந்தால் பூட்ஸைக் கழற்றக்கூட அலுப்பு. அப்படி ஒரு நாள் அவனிடமிருந்து மெசேஜ் வந்தது. 'கேன்சல் ஆயிட்டுல.'

விழாதான் நின்றுவிட்டது என்று நினைத்தேன். பாரம் இறங்கியது போல இருந்தது. 'நல்லதாப் போச்சு' என்று பதில் போட்டுவிட்டுத் தூங்கினேன்.

மறுநாள் டிரம்ஸ்காரர் சொன்னார், விழாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று. கான்ட்ராக்ட் முடிந்து, கேன்சல் ஆனது அவன் விசா. கல்ஃபில் ஒருவன் ஒரேயடியாக ஊருக்குப் போவதற்கும் அதே சொல்தான். இத்தனை வருடம் இங்கே இருந்தும் எனக்கு அது உறைக்கவில்லை. விழா முடிந்த வாரமே அவன் கிளம்புகிறான். அதற்குத்தான் நான் நல்லதாப் போச்சு என்று எழுதியிருக்கிறேன்.

அவன் ரூமுக்குப் போனேன். அட்டைப்பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"மெசேஜத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்ல."

"தெரியும். நீ கிறுக்கன், கெட்டவன் இல்ல. இந்தக் கயித்தப் பிடி."

பிடித்தேன். சோலோவைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. இது அவனுடைய கடைசிப் பாட்டு, அவன் விருப்பப்படியே நடக்கட்டும் என்று எனக்குள் முடிவு செய்துகொண்டேன். அந்த இடத்தில் வாசிக்கப் போவதில்லை. பல்லவியை அவன் இன்னொரு முறை பாடிக்கொள்வான்.

விழாவில் அந்த இடம் வந்தது. தந்தியிலிருந்து கையை எடுத்துவிட்டு அவனைப் பார்த்தேன். அவன் மைக்கை விட்டு விலகி, இடுப்பில் கைவைத்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருவரை ஒருவர் முழித்துப் பார்த்துக்கொண்டு நின்றோம். டிரம்ஸ் மட்டும் அனாதையாகத் தட்டிக்கொண்டிருந்தது. மைதானம் மூச்சுவிடவில்லை. பிறகு அவன் பாய்ந்து பல்லவியை எடுத்தான், நானும் சேர்ந்துகொண்டேன். கூட்டம் எழுந்து நின்று கத்தியது. எங்களுக்கு அப்படி ஒரு கைதட்டல் அதற்கு முன் கிடைத்ததே இல்லை. ஒரு ஆள்கூட ஷவர்மா வாங்கப் போகவில்லை.

மேடைக்குப் பின்னால் அவன் என் மேல் பாய்ந்தான்.

"ஏன்ல வாசிக்கல?"

"நீ பாடுவன்னு விட்டேன்."

"நீ வாசிப்பன்னுல்லா நான் ஒதுங்குனேன்! கடைசியா ஒருவாட்டி அந்த எழவக் கேட்டுட்டுப் போலாம்னு பாத்தா..."

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். நானும்தான். அவனுக்காக அதை வாசித்துக் காட்ட அதற்குப் பிறகு நேரமே அமையவில்லை. ஷட்டவுன் முடியும் முன்பே அவன் போய்விட்டான். அவன் இல்லாமல் எனக்கு இங்கே ஒன்றுமே பிடிக்கவில்லை.

இந்தக் குளிர்காலத்துக்கு அந்த கிரஞ்ச் பையன்கள் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். மறுக்கத் தெம்பில்லை. எங்கள் பழைய பாட்டையே எடுத்திருக்கிறார்கள். "அங்கிள், நடுவுல பாட்ட நிறுத்துனீங்கல்ல, அந்த கேப் செம்ம! அத மட்டும் சேஞ்ச் பண்ணாதீங்க" என்றார்கள். ஒத்திகையில் அந்த இடம் வந்ததும் கையை எடுத்துவிட்டுப் பழக்கத்தில் அவன் நிற்கும் பக்கம் திரும்புகிறேன். பாடுகிற பையன் எத்தனை தாளம் போகிறது என்று விரலில் எண்ணிக்கொண்டிருக்கிறான்.