ஐஸ் சுட்ட நாட்கள்

அந்தக் களவா மீனின் தலையை நான் ஒருத்திதான் தின்றேன். பாறைப் பக்கம் பிடித்த பெரிய மீன். தலையும் ஈரலும் எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் பிடிக்காது. சாயங்காலமே வாந்தி, பேதி. அது நின்றதும் வாய் மரத்துப்போனது. நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு கடலூர் மார்க்கெட்டில் என் மீன்கடை ஐஸ் பெட்டிக்குள் கை விட்டேன். எரிகிற கட்டையைப் பிடித்ததுபோல் சுட்டது. கத்திவிட்டேன். கையில் கொப்புளம் இல்லை, சிவப்புகூட இல்லை. மறுபடி தொட்டேன். மறுபடியும் சுட்டது.

பக்கத்துக் கடைக்காரி சிரித்தாள். "இன்னாக்கா, ஐஸு கடிக்குதா? வயசாயிடுச்சு, வூட்ல குந்து. உன் கிராக்கிய நான் பாத்துக்கறேன்."

"உன் வாய்ல ஒரு கட்டியப் போடறேன், அப்பத் தெரியும்டி."

வாய்தான் அப்படிப் பேசியது. கையைப் புடவையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். மீனைத் தொட்டே நல்லது கெட்டது சொல்கிறவள் நான். இந்தக் கை பொய் சொன்னால் எனக்கு வேறு என்ன இருக்கிறது?

வீட்டில் தண்ணீர் குடித்தேன். தொண்டை வெந்தது. "பச்சத் தண்ணிதான் அத்தை," என்று மருமகள் அதையே குடித்துக் காட்டினாள். அவளும் என் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதுதான் பெரிய பயம்.

சிதம்பரத்துக்கு, நரம்பு பார்க்கிற டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார்கள். போகிற வழியெல்லாம் பஸ்ஸின் ஜன்னல் கம்பி காலைக் குளிரிலும் சுட்டது. என்ன மீன் தின்றேன் என்றுதான் அந்த அம்மா முதலில் கேட்டார்.

"எனக்குப் பைத்தியமா டாக்டரம்மா?"

"இல்லம்மா. மீன்ல இருந்த விஷம். தலையிலயும் ஈரல்லயும்தான் அது ஜாஸ்தி. வேகவச்சாலும் போகாது. தோல்ல சூட்டுக்கு ஒரு நரம்பு, குளிருக்கு ஒண்ணு, வலிக்கு ஒண்ணு இருக்கு. எல்லாமே மூளைக்கு அனுப்புறது வெறும் துடிப்புதான். ஜாஸ்தி ஜில்லுன்னா வேகவேகமாத் துடிக்கும். எந்த நரம்புல வருதுன்னு வச்சுத்தான் சூடா குளிரான்னு மூளை புரிஞ்சுக்குது. அந்த விஷத்தால இப்ப ஐஸைத் தொட்டா உங்க வலி நரம்பும் சேந்து துடிக்குது. மூளை நெருப்புன்னு நம்பிடுது."

"எப்பச் சரியாவும்?"

"சரியாயிடும். எப்பன்னு சொல்ல முடியாது. அதுவரைக்கும் கையை நம்பாதீங்க. கண்ணால பாத்துட்டுத் தொடுங்க."

அதன்பின் தினமும், பக்கத்துக் கடைக்காரி வருவதற்குமுன் ஒரு விரலை ஐஸில் வைத்துப் பார்ப்பேன். சுடும். துணியைச் சுற்றிக்கொண்டு வியாபாரம் செய்வேன். ஒரு நாள் ஜில்லென்றது. நம்ப பயமாக இருந்தது. அவள் வரும்வரை காத்திருந்தேன்.

"இதத் தொட்டுச் சொல்லுடி."

"ஐஸுதான்க்கா. வேற இன்னா?"

என் விரலும் அதையேதான் சொன்னது. ஆனாலும் இன்றைக்கும் தண்ணீர்ச் சொம்பை எடுக்குமுன் ஆவி வருகிறதா என்று குனிந்து பார்க்கிறேன்.