கட்டிங் மாஸ்டர் விட்ட அரை அங்குலம்

ஊரில் பாதி இடுப்புகளின் ரகசியம் கட்டிங் மாஸ்டருக்கு அத்துப்படி. யாருக்கு எந்த வருஷம் தொப்பை விழுந்தது, யார் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு அளவு கொடுக்கிறார் என்பதெல்லாம் தெரியும், வெளியே சொல்லமாட்டார். அப்படிப்பட்டவருக்கு ஐம்பத்தெட்டாவது வயதில் சொந்தமாகவே ஒரு ரகசியம் வாய்த்தது. குடலில் கட்டி. அதை எடுத்து, கீழ்வாசலை நிரந்தரமாக மூடி, இடப்பக்க வயிற்றில் குடலுக்குப் புது வாசல் வைத்தார்கள். ஆயுசுக்கும் மலம் அந்த வழிதான். மேலே ஒட்டிய பையில்தான்.

மனைவி அழுதாள். மாஸ்டர் குனிந்து பார்த்து, "ஓரத்தை நல்லாதான் மடிச்சுத் தெச்சிருக்காங்க" என்று டாக்டருக்கு மதிப்பெண் போட்டார்.

பையின் ஒட்டும் தட்டில், அந்த வாசலின் அளவுக்கு வட்டமாக ஓட்டை வெட்ட வேண்டும். ஆஸ்பத்திரி சிஸ்டர் அளவு அட்டையும் கத்திரியுமாகப் பாடம் நடத்தினார். கத்திரி பிடிக்க எனக்கே பாடமா என்று மாஸ்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கவனித்தது மனைவிதான். ஆனால் வீட்டில் அவர் கையிலிருந்து கத்திரியை யார் பிடுங்குவது?

ஆறாவது வாரம் கடைக்குப் போனார். மூன்றே நாளில் மூன்று கசிவு. மூன்றாவது, வெட்டுமேசை முன்னால், ஆட்கள் இருக்கும்போது. சட்டை நனைய, பின்சந்து வழியாக வீடு வந்து சேர்ந்தவர், பின்னாலேயே ஓடிவந்த, கடையில் மிஷின் தைக்கும் மச்சினனிடம் சாவியை நீட்டினார்.

"இனிமே கடை உன்னோடது. நான் வரல."

"மாமா, நான் வெட்டுன பேண்ட்ல ஒரு கால் ஆபீசுக்குப் போகுது, இன்னொரு கால் வீட்டுக்குத் திரும்புது. உங்களுக்கே தெரியும்."

"பழகிடும்டா. போடுறவனுக்கு."

மச்சினன் போனதும் மனைவி வந்தாள். "ஏங்க, சட்டை பிடிக்குதுன்னு எவனாவது வந்தா, 'போட்டுக் காட்டு, பாக்கலாம்'னுதானே சொல்வீங்க? நீங்களும் சிஸ்டர்கிட்ட வந்து போட்டுக் காட்டுங்க. கிளம்புங்க."

ஆஸ்பத்திரியில் சிஸ்டர் தட்டை உரித்தார். வாசலைச் சுற்றித் தோல் வெந்து சிவந்திருந்தது.

"எவ்வளவு விட்டு வெட்டுனீங்க மாஸ்டர்?"

"அரை இஞ்ச். சுத்தி."

"எதுக்கு?"

"என்ன சிஸ்டர், தையலுக்கு விட வேண்டாமா? நாளைக்கு ஆள் பெருத்தா பிரிச்சு விடணும்ல?"

சிஸ்டர் சிரிப்பை மாஸ்க்குக்குள் அடக்கியது கண்ணில் தெரிந்தது. "இது பெருக்காது. வீக்கம் வடிய வடிய இன்னும் சுருங்கும். நீங்க விட்ட இடத்துலதான் மலம் தோல்ல பட்டு வெந்துபோச்சு. ஈரத்துல தட்டு எப்படி ஒட்டும்? ரெண்டு மில்லிமீட்டர் போதும். கொஞ்ச நாளைக்கு மாத்தும்போதெல்லாம் அளந்து வெட்டுங்க."

"என்கிட்ட அளவு கொடுத்தவன் எவனும் சுருங்கி வந்ததில்ல சிஸ்டர்" என்றார் மாஸ்டர், சரித்திரமே தன் பக்கம் இருப்பதுபோல.

ஆனாலும் வெட்டினார். பிழைக்கு இடம் விடாமல் வெட்டுவது அவருக்கு இதுதான் முதல்முறை. புண்ணில் பவுடர் தூவி, ஒட்டாத பவுடரைத் தட்டிவிட்டு, தட்டை ஒட்டினார்கள். சூடு பட்டால் நன்றாகப் பிடிக்கும் என்று அவர் உள்ளங்கையையே அதன்மேல் வைக்கச் சொன்னார் சிஸ்டர். கொஞ்ச நேரத்தில் அந்தக் கையின்மேல் மனைவியின் கையும் வந்து உட்கார்ந்தது. அவளை யாரும் வைக்கச் சொல்லவில்லை.

அப்போதுதான் மாஸ்டர் நிஜமான கேள்வியைக் கேட்டார். "ஒருத்தர் பக்கத்துல உக்காந்து அளவெடுக்கிற தொழில் சிஸ்டர். வாடை அடிக்குமா?"

"சரியா ஒட்டினா அடிக்காது. மூணுல ஒரு பங்கு நிறைஞ்சதும் காலி பண்ணிடுங்க. சத்தம் வரலாம். அது சொல்லிட்டு வராது. கையால லேசா அழுத்திக்கிட்டா குறையும்."

நாலு நாள் சொட்டுக் கசிவில்லை. ஐந்தாம் நாள் கடைக்குப் போனார். முதல் வாடிக்கையாளர் ஒரு பெரிய அதிகாரி. மாஸ்டர் முக்காலியில் உட்கார்ந்து உள்கால் அளவெடுக்க, இரண்டு கையும் டேப்பில் இருந்த சமயம் பார்த்து, பை பேசியது. சின்னப் பேச்சில்லை, கூட்டத்தில் தலைவர் தொண்டையைச் செருமுவது மாதிரி.

மச்சினனின் மிஷின் நின்றது. மாஸ்டருக்குக் காது சுட்டது. எழுந்து பின்சந்தைப் பார்த்து நடக்க வேண்டியதுதான் என்று நினைத்தார்.

அதிகாரியின் முகம் சிவந்துபோயிருந்தது. "மன்னிச்சுக்குங்க மாஸ்டர்" என்றார் மெதுவாக. "காலையிலிருந்தே வயிறு சரியில்ல."

மாஸ்டர் நிமிர்ந்து, அவரை ஒரு நிமிடம் மிகுந்த கருணையோடு பார்த்தார்.

"பரவாயில்ல சார், மனுஷன்னா இருக்கிறதுதான். கொஞ்சம் நேரா நில்லுங்க. டேய், உள்கால் முப்பது, எழுதிக்க!"