தீவைச் சுற்றிய அரிசி லாரி

பினாங்கில் ஓர் அரிசி மண்டியில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். தீவின் கிழக்குப் பக்கக் கடைகளுக்கு ஒரு லாரி, தீவின் நடுவே நின்ற மலைக்கு அப்பால் இருந்த கடைகளுக்கு இன்னொன்று. இரண்டும் மூட்டைகளை இறக்கிவிட்டுப் போன வழியே காலியாகத் திரும்பும். வியாபாரம் படுத்திருந்த காலம். பெட்ரோல் செலவு முதலாளியை அரித்தது. ஆயர் ஈத்தாமில் தொடங்கி, மலை தாண்டி பாலிக் புலாவ், பாயான் லெப்பாஸ் என்று தீவை ஒரே சுற்றாகச் சுற்றிவந்தால் ஒரு லாரியே போதும் என்றேன்.

"அப்ப நீங்களே கூடப் போயி பாத்துட்டு வாங்க லா," என்றார்.

மறுநாள் காலை ஓட்டுநரின் பக்கத்தில் உட்கார்ந்து புறப்பட்டேன். மலைமேல் பனி விலகவில்லை. மலை இறங்கி, பாலிக் புலாவின் முதல் கடையில் நிறுத்தினோம். கடைக்காரர் எங்களை மாறிமாறிப் பார்த்தார்.

"என்ன தம்பி, மறுபடியும்? இப்பத்தானே எறக்கிட்டுப் போனீங்க."

உள்ளே எங்கள் முத்திரை போட்ட மூட்டைகள் அடுக்கியிருந்தன. அவர் கேட்டிருந்த அளவேதான்.

"யாரு எறக்குனது?"

"நீங்கதான். கூப்பிடக் கூப்பிடப் பேசாமப் போயிட்டீங்க."

அடுத்த கடைக்கார அம்மாளும் அதையே சொன்னார். தண்ணீர் தெளித்த வாசல் செம்மண்ணில் டயர் தடம் ஈரம் காயாமல் இருந்தது. எங்கள் லாரியில் ஏறி எண்ணினேன். ஒரு மூட்டையும் குறையவில்லை.

"வெரசாப் போனா அந்த லாரியப் புடிச்சிடலாம்," என்றேன்.

ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். "புடிச்சு? அதுல உக்காந்திருக்கிற உங்களயே நீங்க பாக்கணுமா, கிராணியாரே?"

அடுத்த வளைவில், காற்றே இல்லாத சாலையில், புழுதி அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அவர் வண்டியைத் திருப்பினார். மலையேறும்வரை இருவரும் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

முதலாளி நம்பவில்லை. கிடங்கில் மூட்டைகளை எண்ணிப் பார்த்தார். கணக்குச் சரியாக இருந்தது. மறுநாள் தாமே காரில் போய்வந்தார்.

"மூட்டை இருக்கு. நம்ம முத்திரைதான். கொஞ்சம் சோறாக்கித் தின்னும் பாத்துட்டாங்க, நல்ல அரிசின்னு சொல்றாங்க."

அதன்பின் இரண்டு லாரிகளும் பழையபடியே ஓடின. பெட்ரோலைப் பற்றி அவர் என்னிடம் பேசவே இல்லை. பின்னர் வேறொரு மண்டிக்காரர் அதே சுற்றில் லாரி விட்டார். அவருடைய ஆட்களுக்கு ஒரு தொல்லையும் வரவில்லையாம். நான் மட்டும் அந்த மலைக்கு அப்பால் மறுபடி போகவில்லை.