எட்டாவது அளவு

தோஷ்மத் இறந்து ஒன்றரை வருடமாகியும் சோலிஹா அழுது நான் பார்க்கவில்லை. தாஷ்கெண்டுக்கு வெளியே எங்கள் கோழி ஆராய்ச்சிப் பண்ணையில் கணக்குப் போடுகிறவள் அவள். தோஷ்மத் அவள் புருஷன். அதே பண்ணையில் கோழி வளர்த்தவன். அடக்கம் முடிந்த மறுவாரமே வேலைக்கு வந்துவிட்டாள். தேநீர் ஊற்றி வைத்துக்கொள்வாள், ஆறிப்போனதும் வெளியே கொட்டிவிட்டு மறுபடி ஊற்றிக்கொள்வாள். கல்நெஞ்சக்காரி என்று தெருப் பெண்கள் பேசினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருத்தியை வாசலிலேயே நிறுத்தி நன்றாகக் கேட்டுவிட்டேன். அதையும் சோலிஹாவிடம் சொன்னேன். "அப்படியா அக்கா" என்றாள், அவ்வளவுதான்.

பண்ணையில் ஆறு வம்சக் கோழிகள் இருந்தன. ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனியாகப் பெருக்கியவை. ஆறாவது வம்சம் தோஷ்மத் உண்டாக்கியது. வருடா வருடம், கூண்டுக்குள் கை நீட்டினால் படபடக்காத கோழிகளை மட்டும் பொறுக்கி, அவற்றின் முட்டைகளையே பொரிக்க வைத்தான். கல்யாணமான நாளிலிருந்து அவனுக்கு இதே வேலைதான். பிள்ளை இல்லை அவர்களுக்கு. மூன்றாம் கொட்டகையில் நான்காம் வம்சம் ஒரு பக்கம், ஆறாம் வம்சம் மறுபக்கம். இரண்டுக்கும் அவனே தீனி வைப்பான். பார்க்க வருகிறவர்களிடம், "பயப்படாத குணம் இதுங்க ரத்தத்துல ஏறிடுச்சு" என்பான். அவன் போன பிறகு அந்த வேலை என் தலையில் விழுந்தது. நான் தீனியை விசிறிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறவள். கோழியோடு கொஞ்ச எனக்கு நேரமில்லை.

அந்த வசந்தத்தில் தீனி வரத்து பாதியாகக் குறைந்தது. டைரக்டர் வோஹித் சோலிஹாவைக் கூப்பிட்டார்.

"ஒரு வம்சத்தைக் குறைச்சே ஆகணும், சோலிஹா. எந்த ரெண்டு ஒண்ணு மாதிரியே இருக்குன்னு கணக்குப் போட்டுச் சொல்லுங்க. அதுல முட்டை கம்மியா போடறதை எடுத்துடலாம்."

உடல் எடை, கால் நீளம், மார்பெலும்பு, முட்டை எடை, ஓட்டின் தடிமன் என்று கோழிக்கு ஏழு அளவு. நான் பிடித்துக்கொடுக்க அவள் அளந்தாள்.

"எதுக்கு இத்தனை? ஒண்ணை அளந்தா தெரியாதா?" என்றேன்.

"மூக்கை மட்டும் பார்த்து இன்னார் வீட்டுப் பிள்ளைன்னு சொல்ல முடியுமா அக்கா? உயரம், நிறம், நடை எல்லாம் சேர்த்துப் பார்த்தாத்தானே தெரியும். இதுவும் அப்படித்தான். ஏழையும் சேர்த்துப் பார்த்து, ஒரு வம்சத்துக்கும் இன்னொண்ணுக்கும் எவ்வளவு தூரம்னு கணக்கு சொல்லும்."

கணக்கு சொல்லிவிட்டது. ஒவ்வொரு கோழியும் தாளில் ஒரு புள்ளி. நான்கு வம்சங்கள் தனித்தனிக் கூட்டமாக விலகி நின்றன. நான்காவதும் ஆறாவதும் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. முட்டை குறைவாகப் போடுவது ஆறாவது.

"ஒரு எண்ணை மாத்திப் போடேன்டி" என்றேன். "யாரு வந்து பார்க்கப் போறா?"

"மாத்தலாம்" என்றாள். மாற்றவில்லை. அப்படியே டைரக்டரிடம் கொண்டுபோய் வைத்தாள். "இந்த ஏழுல அவர் பார்த்துப் பொறுக்கின குணம் இல்லை சார். அதையும் அளக்கறேன். எட்டாவதா சேர்த்துக்கறேன்."

"அளந்து, வித்தியாசம் இருந்தா ஆறாவதை விட்டுடறேன். எனக்கும் அதுதான் ஆசை" என்றார் வோஹித். நல்ல மனுஷர்.

நான் கூண்டைத் திறப்பேன். அவள் கை நீட்டுவாள், கோழி ஒதுங்கும்வரை கடிகாரத்தைப் பார்ப்பாள். முதலில் மூன்றாம் கொட்டகைக் கிழட்டுக் கோழிகள், தோஷ்மத் கையால் தின்று வளர்ந்தவை. ஆறாம் வம்சத்தில் ஒன்றுகூட அசையவில்லை. பிழைத்தோம் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு மறுபக்கம் போய் நான்காம் வம்சத்தில் கை நீட்டினாள். அவையும் அசையவில்லை.

சோலிஹா அதையும் குறித்துக்கொண்டாள்.

அடுத்து இளசுகள். தோஷ்மத் இறந்த பிறகு பொரித்து, நான் தீனி விசிறி வளர்த்தவை. நான்காம் வம்சம் கம்பியில் மோதிக்கொண்டு பறந்தது. ஆறாவதும் அதே மாதிரி பறந்தது, இறகெல்லாம் அவள் முகத்தில். ஒவ்வொரு கூண்டாகக் கடைசிவரை பார்த்தாள். போதும் விடு என்றேன், அடுத்த கூண்டுக்குக் கை நீட்டினாள்.

"ரத்தத்துல ஒண்ணும் ஏறலை அக்கா" என்றாள், முடிந்ததும். தூசியைத் துடைத்துக்கொள்கிற மாதிரித்தான் சொன்னாள். "கிழடுங்க அவர் கைக்குப் பழகியிருக்குங்க. அவ்வளவுதான்."

எனக்கு அவன்மேல்தான் கோபம் வந்தது. மண்ணுக்குள் இருப்பவன்மேல் கோபப்பட்டு என்ன பண்ண. வாழ்நாளெல்லாம் பொறுக்கினானே, பாவி, இது தெரியாமலே போய்ச் சேர்ந்தான்.

எட்டாவது அளவைச் சேர்த்தும் அந்த இரண்டு கூட்டமும் பிரியவில்லை. டைரக்டர் தாளை வெகுநேரம் பார்த்தார். "வேணும்னா இன்னொரு தடவை அளந்து பாருங்க" என்றார். "வேண்டாம் சார், சரியாத்தான் இருக்கு" என்று கையெழுத்துப் போட்டாள்.

வியாழக்கிழமை இறைச்சிக்கூடத்து லாரி வந்தது. ஆறாம் வம்சத்து இளசுகளை ஏற்றினோம். முட்டை நின்றுபோன கிழட்டுக் கோழிகளை, எந்த வம்சமானாலும் சரி, வேலைக்காரர்கள் சூப்புக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். சோலிஹா அண்டை வீட்டுக்காரரின் தள்ளுவண்டியைக் கொண்டுவந்து, மூன்றாம் கொட்டகை வாசலில் நிறுத்தினாள். ஆறாம் வம்சத்துக் கிழடுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் வைத்தாள். அது முடிந்ததும் மறுபக்கம் போய் நான்காம் வம்சத்தை எடுக்க ஆரம்பித்தாள்.

"ஏய், அது உன் வீட்டுக்காரரோடது இல்லடி" என்றேன்.

"இதுங்களுக்கும் அவர் கையைத் தெரியும் அக்கா."

"எல்லாத்தையும் வீட்டுல வச்சு என்ன செய்வே? இனி எவ்வளவு காலம் கிடக்கும் இதெல்லாம்?"

"ரெண்டு வருஷம் இருக்கும். நல்லா பார்த்துக்கிட்டா மூணு" என்றாள். பிறகு கடைசிக் கோழியை என் கையில் கொடுத்துவிட்டு, வண்டியைப் பிடித்துக்கொண்டாள்.