ஐஸ் ரூமில் அடைபட்ட பூனை

முழு ஆட்டைக் கொக்கியிலிருந்து இறக்கி, பேச்சுவாக்கில் துண்டு போட்டு முடிக்கிற ஆளுக்குப் பூனை என்று பெயர் வைத்தால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? ஆனால் சந்தைக்குப் பின்னால் இருந்த அந்த இறைச்சிக் கடையில் எல்லோரும் அவனை அப்படித்தான் கூப்பிட்டார்கள். கை ஓங்காத, கெட்ட வார்த்தை வாயில் வராத ஆள் அங்கே அவன் ஒருவன்தான். எலும்புச் சில்லு தெறித்து முகத்தைக் கிழித்தாலும் "பரவால்ல, விடுங்க" என்பான். கடை முதலாளி தன் தங்கையை அவனுக்குக் கட்டிக்கொடுத்ததே அந்தக் குணத்துக்காகத்தான். "எங்கிட்ட வேலை பாக்குற மத்தவனுங்களுக்கு என் வீட்டு நாயைக்கூடக் கட்டி வைக்க மாட்டேன்" என்று கல்யாணப் பந்தியிலேயே அவர் சொன்னார். அந்த மற்றவர்கள் எதிரே உட்கார்ந்துதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தங்கை கடையின் முன்பக்கம் தராசுக்குப் பின்னால் நிற்பாள். எடை போடுவது, பொட்டலம் கட்டுவது, வாய்க்கு வாய் பேசி வாடிக்கையாளரைச் சமாளிப்பது எல்லாம் அவள்தான். உள்ளே வெட்டுக்கட்டையில் அவள் புருஷன். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் திரை. அதற்குள் தலையை நீட்டி "மாமா, அரைக் கிலோ எலும்போட" என்பாள். அவள் தலையை இழுத்துக்கொள்வதற்குள் கத்திச் சத்தம் கேட்கும். பல வருஷம் அவர்கள் குடும்பம் இப்படித்தான் நடந்தது, நன்றாகவே நடந்தது.

முதல் அடி ஈரலுக்காக விழுந்தது. ஒரு அம்மாள் ஈரல் கேட்டார். உள்ளேயிருந்து தொடைக்கறி வந்தது. "மாமா, ஈரல் கேட்டாங்க, காது எங்க இருக்கு?" என்று இவள் வழக்கம்போலக் கிண்டலாகக் கேட்டாள். அவ்வளவுதான். அவன் திரையைக் கிழித்துக்கொண்டு வந்து, புறங்கையால் அவள் வாயில் ஒரு போடு போட்டான். பல் உடைந்து, ரத்தம் தராசுத் தட்டில் கொட்டியது. அந்த அம்மாள் கறியை வாங்காமலேயே ஓடிவிட்டார். அவனோ இவளைக் கொஞ்ச நேரம் வெறித்துப் பார்த்துவிட்டு உள்ளே போய் மறுபடியும் தொடைக்கறியையே வெட்ட ஆரம்பித்தான். இவளுக்கு வலியைவிடத் திகைப்புதான் அதிகம். இது யார் கை என்று நினைத்தாள்.

பிறகு அது பழக்கமாகிப்போனது. சட்டைப் பொத்தான் மாட்ட வரவில்லை என்று அவள் தலையைச் சுவரில் மோதினான். கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்டான், பதில் சொன்னால் "என்னப் பைத்தியம்னு நினைச்சியா?" என்று முடியைப் பிடித்தான். படுத்தால் உள்ளங்கால் எரிகிறது என்று துடித்து, வாளித் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். தெருவில் நடக்கும்போது செருப்பு கழன்று பின்னால் கிடக்கும், அது தெரியாமல் போய்க்கொண்டே இருப்பான். மெத்தைமேல் நடப்பவன்போல ஆடி ஆடி நடந்தான்.

ஆடி நடக்கிறவனை, பொண்டாட்டியை அடிக்கிறவனை, சொன்னதை மறக்கிறவனைப் பார்த்தால் ஊர் என்ன சொல்லும்? குடிக்கிறான் என்றுதான் சொல்லும். கடையிலும் அதையே சொன்னார்கள். வாயை ஊதச் சொல்லிப் பார்த்தார்கள், வாடையே இல்லை. "அப்ப மாத்திரை போடுறான்டா" என்று முடிவு கட்டினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று ஒருத்தருக்குமா தோன்றாது? தோன்றவில்லை. ஏனென்றால் அந்தக் கடையில் போதைக்கு வைத்தியம் ஏற்கனவே இருந்தது. குடித்துவிட்டு வருகிறவனை, இறைச்சியை உறைய வைக்கும் ஐஸ் ரூமுக்குள் தள்ளிப் பூட்டுவார்கள். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் அவன் கதவைத் தட்டி, "அண்ணே, தப்புத்தான், தெறந்து விடுங்க" என்று கதறுவான். வெளியே விட்டு, சூடாக ஏதாவது கொடுத்து, அதோடு அந்தப் பேச்சை விட்டுவிடுவார்கள். அங்கே வேலை செய்த எல்லோரும் ஒரு தடவையாவது உள்ளே போய் வந்தவர்கள்தான். பூனை மட்டும்தான் பாக்கி.

அவள் முகத்தில் புதிதாக வீக்கம் தெரிந்த ஒரு காலை, அண்ணன் உள்ளே போய்க் கட்டைமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். "மாப்ள, என் தங்கச்சி மேல இன்னொரு தடவ கை வச்ச, உன்னையே தோலுரிச்சுத் தொங்க விட்டுடுவேன்" என்றார். பூனை வெட்டுக்கத்தியைத் தூக்கி இறக்கினான். அண்ணனுடைய சுண்டுவிரல் நுனி கறித் துண்டுகளோடு கிடந்தது. ஐயோ, அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லவா வேண்டும்! நாலு பேர் அவன்மேல் விழுந்தார்கள். கொக்கிக் கம்பால் முதுகில் அடித்தார்கள், விலாவில் மிதித்தார்கள், கத்தியைப் பிடுங்கக் கையை முறுக்கியதில் மணிக்கட்டு முறிந்தது. அவனும் சும்மா இருக்கவில்லை, ஒருத்தன் காதைக் கடித்துத் துப்பினான். கடைசியில் இழுத்துக்கொண்டு போய் ஐஸ் ரூமுக்குள் எறிந்தார்கள். வெளித் தாழ்ப்பாளைப் போட்டவள் அவன் பொண்டாட்டி. தேறிப் புதுசாக வரட்டும், பழைய மாமாவாக வரட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் போட்டாள்.

அண்ணனைத் தூக்கிக்கொண்டு மற்றவர்கள் டாக்டரிடம் ஓடினார்கள். இவள் தரையைக் கழுவினாள், வந்தவர்களுக்கு எடை போட்டாள். கதவு தட்டுகிற சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டே இருந்தாள். தட்டவில்லை. வீம்பு, தெளியட்டும் என்று விட்டுவிட்டாள். கூட்டம் ஓய்ந்து, மற்றவர்களும் திரும்பி வந்த பிறகுதான் தாழ்ப்பாளிடம் ஓடினாள்.

திறந்தால், செருப்பில்லாமல், இரண்டு உள்ளங்காலையும் உறைந்துபோன இரும்புத் தகட்டில் அழுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கால் மெழுகு மாதிரி வெளுத்திருந்தது. குதிகாலில் ஒரு கொக்கி முனை ஏறி நின்றது, அது அவனுக்குத் தெரியவே இல்லை. பல வாரங்களுக்குப் பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தான். "இப்பத்தான் புள்ள எரியல" என்றான்.

ஆஸ்பத்திரியில் கால் விரல்களை எடுத்தார்கள். அங்கிருந்த டாக்டரம்மா காலோடு நிற்கவில்லை. அவனை நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், கொஞ்சம் முன்னால் சொன்ன வார்த்தைகளைத் திருப்பிச் சொல்லச் சொன்னார், ரத்தமும் முதுகுத்தண்டு நீரும் எடுத்துப் பார்த்தார். பிறகு இவளையும் அண்ணனையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"எச்.ஐ.வி. ரொம்ப வருஷமா உள்ள இருந்திருக்கு. இது ரத்தத்தோட நிக்கிற கிருமி இல்லம்மா. நோயை எதிர்க்கிற அணுவுக்குள்ளயே ஒளிஞ்சுகிட்டு மூளைக்குள்ள போயிடும். அங்க வீக்கத்தை உண்டாக்கி, நரம்பைக் கெடுக்கும். யோசனை மந்தமாகும், மறதி வரும், நடை தள்ளாடும், சிலருக்குக் குணமே மாறிடும். கால் நரம்பையும் விடாது. எரியும், மரத்தும் போகும். அவரு குடிக்கல."

இவளுக்கும் பரிசோதனை செய்தார்கள். கிருமி இல்லை என்று வந்தது.

அண்ணன் அதற்குமேல் கேட்கவில்லை. விறுவிறுவென்று போய், கட்டுப்போட்ட கையோடு, படுத்திருந்தவன் கழுத்தைப் பிடித்துவிட்டார். "எவகிட்டடா போய் வாங்கிட்டு வந்த? என் தங்கச்சிக்கும் ஒட்ட வச்சிருப்பியேடா!" பூனைக்குக் கண் பிதுங்கியது. இவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், தடுக்கவில்லை. நர்ஸுகள்தான் ஓடி வந்து பிரித்தார்கள். எப்படி வந்தது என்று பிறகு இவளும் கேட்டாள். அவன் நெற்றியைச் சுருக்கி ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "எது?" என்றான்.

அவளை உறுத்தியது வேறு கேள்வி. டாக்டரம்மாவைத் தனியாகப் பிடித்தாள். "மேடம், என்னை அடிச்சது அவரா, இல்ல அந்த நோயா? அதை மட்டும் சொல்லுங்க. நோயின்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். அவருதான்னா இங்கயே விட்டுட்டுப் போயிடுறேன்."

"பிரிச்சுச் சொல்ல என்னால முடியாதும்மா. நோய்க்குப் பெரிய பங்கு இருக்கு. மாத்திரையை விடாம குடுத்தா கிருமி அடங்கும், ஓரளவு தேறுவாரு. அப்ப நீங்களே பாத்துக்கலாம்."

அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் கூட்டிக்கொண்டு வந்தாள். கறியால் பரவாது என்று எத்தனை சொல்லியும், அவன் வெட்டிய கட்டையை அண்ணன் எரித்தார். அவள் கண்டுகொள்ளவில்லை. தினமும் மாத்திரையை வாயில் போட்டு, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தாள். முதலில் அவள் கையைக் கடித்தான், தட்டை முகத்தில் எறிந்தான். மாதங்கள் போகப்போக வெறி வடிந்தது. கை ஓங்குவது நின்றது. ஒருநாள், "பல்லு எப்படிப் புள்ள போச்சு?" என்று கேட்டான். அவள் சொன்னதும் தேம்பித் தேம்பி அழுதான். நோய்தான் அடித்தது, என் மாமா இல்லை! அன்றைக்கு அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

ஆனால் மந்தம் போகவில்லை. ஒரு பொத்தானோடு காலை முழுக்கப் போராடினான். மறுநாளும், அதற்கு மறுநாளும் பல்லைப் பற்றியே கேட்டான், புதிதாக அழுதான். அப்படி ஒருநாள் அவள் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவன் தண்ணீர் டம்ளரைத் தவறவிட்டு, நின்ற இடத்திலேயே நின்று, "பல்லு எப்படிப் புள்ள..." என்று ஆரம்பித்தான்.

அறைந்தாள். அவன் சுவரோடு சாய்ந்தான். மறுபடி அறைந்தாள். பிறகு துடைப்பத்தைத் திருப்பிப் பிடித்து முதுகில், முறிந்து ஒட்டிய மணிக்கட்டில், விரலில்லாத காலில் அடித்தாள். அவன் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை, பழைய பூனையாகவே குந்தியிருந்தான். அவளுக்கு நன்றாக இருந்தது. நிறுத்த மனம் வரவில்லை. அவளைக் கூப்பிட வந்த அண்ணன்தான் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து இழுத்தார்.

"விடு, விடு, செத்துடப் போறான்!"

மூச்சு அடங்க நேரமானது. துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, "அண்ணே, என்னையும் அந்த டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போ" என்றாள்.

"உனக்கு எதுக்கு? உனக்குத்தான் ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்களே."

"அதனாலதான் பயமா இருக்குண்ணே" என்றாள்.